நாலு தள்ளி

தண்டர் பே. மைனஸ் இருபத்தெட்டு.
ட்ரோன் அனுப்பிய ஏரி
என் திரைக்குள் அடங்கவில்லை.

நாலு தள்ளி நாலு தள்ளிக் குதி,
காலில் பட்ட புள்ளியின் நிறத்தை
அப்படியே எடு.
மூன்றே வரி நிரல்.
கலப்பில்லை, சராசரியில்லை.
கண்மூடித் திறப்பதற்குள் முடிகிறது என்று
எனக்குப் பெருமை வேறு.

சுருங்கிய படத்தில் பனி.
பனிக்குப் பக்கத்தில் பனி.
'யாருமில்லை' என்று தட்டிவிட்டேன்,
அனுப்பத்தான் பாக்கி.

ஜானெல் மூலப் படத்தைத் திறந்தாள்.
நாற்பத்தொன்றாவது. வலப்பக்க மேல்மூலை.
அகலம் மூன்று புள்ளி, உயரம் இரண்டு.
ஆரஞ்சு.

முந்தாநாள் மீன்பிடிக்கப் போன
ரெய்னோ கொர்பெலாவின் ஜாக்கெட்
என் இரண்டு குதிகளுக்கு நடுவே
முழுசாகப் படுத்திருந்தது.

இந்த முறைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்
அண்டைப் புள்ளி.
அண்டையில் யார் என்று
அது ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ஹெலிகாப்டர் போய்ச் சேர
இருபது நிமிடம் என்றார்கள்.
செய்ய வேறொன்றும் இல்லை.
மூன்று வரிக்கு மேலே
நாலாவதாய் ஒரு குறிப்பு எழுதினேன்:
'ஐகானுக்குச் சரி.
ஆளைத் தேடும்போது
இதை ஓட்டாதே.'

பதினாறு நிமிடம் இருந்தது இன்னும்.