மெழுகுவத்திக் கணக்கு

வார்சா அரண்மனையில் எனக்கு வேலை
மெழுகுவத்தி சுமப்பது.
பெயர் ஓனுஃப்ரி. பதினாறு வயதில் சேர்ந்தேன்.
அவை கூடும் ஆண்டுகளில் சம்பளம்,
மற்ற ஆண்டுகளில் பெத்ரோனெலாவின் சலவைக்காசு.

அவைக்குள் வெளிச்சம் நுழையவும் ஒரு விதி இருந்தது.
பொழுது சாய்ந்ததும் கேட்பார்கள்:
விளக்குகள் வரலாமா?
ஒரே ஒருவர் வேண்டாமென்றால்
வரக்கூடாது.
நான் கதவுக்கு வெளியே
தட்டேந்தி நிற்பேன்,
திரி பற்றவைக்காமல்.

பான் கோஸ்த்ரோவை மறக்க முடியாது.
மாசோவியாவில் அரை ஊர், ஒரு குதிரை,
ஒட்டுப்போட்ட இடம் தெரியும் மேலங்கி.
மதியம் யாரோ பெரிய பிரபு
கொழுத்த வாத்தும் ஹங்கேரி மதுவும் ஊட்டி அனுப்பியிருந்தார்.
படைக்கு வரி விதிக்கும் மசோதா, ஆறு வாரப் பேச்சு.
மங்கும் நேரத்தில் எழுந்து,
சற்றே தள்ளாடி,
"நியே போஸ்வாலாம்" என்றார்.
இசையேன்.
படைக்கா, மெழுகுவத்திக்கா என்று யாரும் கேட்கவில்லை.
ஆறு வாரமும் அந்த ஒரு சொல்லுக்குள் போயிற்று.

அன்றிரவு நாட்டின் பெரிய மனிதர்கள்
தொப்பிகளை இருட்டில் தடவித் தேடினார்கள்.
ஒருவர் என் காலை மிதித்து
"மன்னியுங்கள், பிரபுவே" என்றார்.
வாழ்நாளில் என்னை அப்படி அழைத்தவர்
அவர் ஒருவர்தான்.

எரியாத மெழுகுவத்திகளை எண்ணித்
திருப்பிக் கொடுத்தேன்.
ஒன்று குறைந்தது. எடுத்தது நான்தான்.
அதன் வெளிச்சத்தில் பெத்ரோனெலா
மூத்தவளைப் பெற்றாள்.

அப்படி எத்தனையோ மாலைகள்.
நடுவில் ஒருமுறை மூன்று அண்டை வீட்டாரும்
வேலியை உள்ளே நகர்த்தி நட்டார்கள்.

பிறகு அந்த மே மாதம்.
மாடம் நிறைய ஜனம், முற்றம் நிறைய ஜனம்.
ஒற்றைக் குரலுக்கு இனி அந்த வலு இல்லை,
அதிகம் பேர் சொன்னதே சட்டம் என்று வாசித்தார்கள்.
தெருவில் செருப்புத் தைப்பவர் ஒருவர்
வக்கீலைக் கட்டிப்பிடித்து அழுதார்.
என் தம்பி பாங்க்ரத்ஸி நாரெவ் ஆற்றங்கரையில் பண்ணையாள்.
உழவர்களைச் சட்டம் தன் காவலில் எடுத்துக்கொண்டது
என்று சொல்லியனுப்பினேன்.
பதில் வந்தது:
"இங்கே வாரத்தில் நாலு நாள்
இன்னும் ஆண்டை நிலத்தில்தான் ஏர்.
காவல் எந்தக் கிழமை வரும்
என்று கேட்டுச் சொல்."
கேட்க எனக்கு அங்கே வாய் இல்லை,
தட்டு இருந்தது.

பதினான்கு மாதம் இருந்தது அந்தச் சட்டம்.
ஒரு குழந்தை நடை பழகும் காலம்.

அப்புறம் க்ரோத்னோ.
அவையை அங்கே கூட்டினார்கள்,
மெழுகுப் பெட்டிகளோடு என்னையும் வண்டியில் ஏற்றினார்கள்.
செப்டம்பர் இரவு.
ரஷ்யப் பீரங்கிகள் ஜன்னல்களைப் பார்த்தபடி.
நிலத்தைப் பிரஷ்யாவுக்கு எழுதிக்கொடுக்கும் தாள் மேசைமேல்.
விளக்குகள் வரலாமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கதவு திறந்திருந்தது. போனேன்.

யாரும் பேசவில்லை.
நள்ளிரவு. ஒரு மணி. மூன்று மணி.
மெழுகு சொட்டும் சத்தம் காதில் விழும் என்று
அன்றுதான் தெரிந்தது.
வாய் திறக்காததே மறுப்பு என்று நம்பினார்களோ என்னவோ.
கருகிய திரிகளைக் கத்தரித்தபடி
முகம் முகமாகப் பார்த்தேன்
அந்தப் பழைய சொல்லைத் தேடி.
பான் கோஸ்த்ரோ செத்து இருபது வருஷம்.
குடித்துவிட்டாவது ஒருவர்
எழுந்திருக்கக் கூடாதா?

மேசைப் பக்கமிருந்து குரல் வந்தது: சம்மதமா?
மறுபடி. மறுபடி.
மௌனம் சம்மதம்
என்று எழுதிக்கொண்டார்கள்.

காலையில் கணக்கர் வந்தார்.
தொண்ணூற்றாறு மெழுகுவத்தி, அடிவரை எரிந்தவை.
"யார் உத்தரவு?"
அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் எழுத வேண்டும்.
யோசித்துப் பார்த்தேன்.
"யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை" என்றேன்.
அவர் இறகை மையில் தோய்த்தார்,
வெகுநேரம்
தோய்த்தபடியே பிடித்திருந்தார்.