ஒடெட்டின் கையுறை

கனாட்டாவில் பிப்ரவரி, மைனஸ் இருபத்தாறு.
ஒரே ரேக்கில் தோளுரசி ஆறு மாட்யூல்கள்.
நாற்பத்தெட்டு வோல்ட் என்கின்றன ஆறும்.
ஆறும் கொஞ்சம் பொய்.

டயோடு இருந்தவரை அது ஒருவழிப் பாதை.
அதைப் பிடுங்கி மாஸ்ஃபெட் வைத்தேன்.
ஒரு கதவு மூடி மறுகதவு திறக்கும் இடைவெளியை
எண்பது நானோவினாடியிலிருந்து
நாற்பத்தைந்துக்கு இறக்கினேன்.
முப்பதில் ஒன்று வெடித்தது.
ஒடெட் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்,
திறக்க முடியாத ஜன்னல்.

பிறகு தொடங்கியது சண்டை.
மூன்றாவது ஒரு மயிரிழை உயரம்,
ஐந்தாவது ஒரு மயிரிழை தாழ்வு.
ஒன்று தருவதை மற்றது விழுங்கி
யாருக்கும் விளக்கெரியாமல்
இரண்டுக்கும் காய்ச்சல்.
யார் எவ்வளவு சுமக்கிறார் என்று
எல்லாருக்கும் சொல்ல
ஒற்றைக் கம்பி இழுத்தேன். அடங்கின.

ஒரு சூட்கேஸைத் தூக்க ஆறு பேர் எதற்கு?
சுமை குறைந்தால் நான்கு தூங்கட்டும்.
தூங்க வைப்பது சுலபம்.
சுமை திடுமென ஏறியபோது
கண் கசக்கிக்கொண்டு எழுந்தன,
அதற்குள் முப்பத்தொன்பதுக்குச் சரிந்தது வோல்ட்.
பதினேழாம் முறைதான்
எழுந்ததே தெரியாமல் எழுந்தன.

நேற்றிரவு பதினொன்றரைக்கு
பத்தில் ஒரு பங்குச் சுமையில்
தொண்ணூற்றாறு புள்ளி இரண்டு.
நவம்பரில் தொண்ணூற்றொன்றைத் தாண்டாதது.
நம்பாமல் திருகுகளை இறுக்கி
மறுபடி அளந்தேன். அதேதான்.
சொல்ல யாரும் இல்லை.
விளக்கணைத்துவிட்டுப் போனேன்.

இன்று மாலை ஐந்து மணி.
காலையில் பனிமேடு தாண்டி வந்ததும்
ரேக்கின் தலைமேல் ஒடெட் பரப்பிவைக்கும் கையுறைகள்,
மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடுபவை,
இன்னும் சொதசொத.
"செத்துப்போச்சா இது?" என்றாள்.
"இல்லை, குணமாயிற்று."

இழப்புகளின் பட்டியலில் ஒன்பது வரிகள் எழுதியிருந்தேன்.
சுவிட்ச், காயில், கம்பி, விசிறி...
கையுறைக்கு வரி இல்லை.

மூன்றாவதன் மேல் கை வைத்துப் பார்த்தேன்.
மேஜையைத் தொட்டதுபோல் இருந்தது.

வீணாகாத மின்சாரம் பின்னே எங்கே போகும்?
போக வேண்டிய இடத்துக்கு:
அறை மூலையில், நாங்கள் பொய்ச்சுமையாக வைத்திருக்கும்
ரெசிஸ்டர் பெட்டிக்கு.
அதன் விசிறி வாயில்
கையுறைகளைக் கிளிப்பில் மாட்டினேன்.
பத்து விரலும் உப்பின.

"பஸ்ஸுக்கு எட்டு நிமிஷம்," என்றாள் ஒடெட்,
கோட்டைக் கழற்றாமல்
பெட்டியின் பக்கத்தில்
நாற்காலியை இழுத்துப் போட்டு.