எண்பத்தெட்டு வெள்ளிக் காந்தம்

தயாபரன் கொண்டுவந்தது இரண்டு துண்டு.
பாதி மேரி பிஸ்கட் அளவு, நிக்கல் பளபளப்பு.
பெட்ரோல் குழாயைக் கவ்வ வைத்தால் போதுமாம்,
தாறுமாறாய் வரும் மூலக்கூறுகள்
வரிசை பிடித்து நின்று
ஒன்று விடாமல் எரியுமாம்.
காலை ஏழரைக்குக் கொடியேற்ற நிற்கும்
தொடக்கநிலை ஒன்றுப் பிள்ளைகளாய்
எனக்கும் அவை கண்ணில் தெரிந்தன.
போன வருஷம் அவன் காப்புறுதி விற்றான்,
அதற்கு முந்தி தண்ணீர் வடிகட்டி.
எண்பத்தெட்டு வெள்ளி.
ராசியான எண், அக்கா, என்றான்.

வாடகைக் கார் ஓட்டுகிறேன்.
உட்லண்ட்ஸில் ஏற்றினால் சாங்கி,
சாங்கியில் இறக்கினால் பொங்கோல்,
அங்கே யாராவது ஜூரோங் போக நிற்பார்கள்.
டாங்கி நிரம்பும்போது
பம்பில் ஓடும் எண்ணைப் பார்க்காமல்
கூரையின் புறாக்களைப் பார்ப்பது வழக்கம்.
கடற்பாலம் தாண்டி மலிவாய் நிரப்பலாமென்றால்
முக்கால் டாங்கியை இங்கேயே நிரப்பிக்கொண்டு
போக வேண்டும்.

வாங்கினேன்.

மகன் பாதியில் விட்ட கணக்கு நோட்டில்
அன்றே கோடு போட்டேன்.
தேதி, லிட்டர், தூரம்.
டேஷ்போர்டுக்குள் சுருண்டு கிடந்த
பழைய ரசீதுகளைக் கூட்டி வகுத்ததில்
காந்தத்துக்கு முன்: பன்னிரண்டு புள்ளி நான்கு.
மார்ச்: பதின்மூன்று புள்ளி ஆறு.
மே: பதின்மூன்று புள்ளி எட்டு.
சும்மா இருக்குமா வாய்?
கோப்பிக் கடையில் ஹைருலிடம் சொன்னேன்.
கோசோங்கைப் பாதியில் வைத்துவிட்டு
நோட்டை இரண்டு முறை புரட்டினான்.
மறுநாளே ஒரு செட் வாங்கினான்.

ஜூனில் சர்வீஸ். காக்கி புக்கிட், மூன்றாம் மாடி.
பானெட்டைத் திறந்த ஹெங்கிடம்
என் காந்தத்தைப் பத்திரமாய்ப் பார்த்துக்கொள் என்றேன்.
எந்தக் காந்தம்?
குழாய் மாற்றியபோதே கழற்றிவிட்டேனே.
ஏப்ரலில்.
எண்ணெய்க் கையால் சுவரைக் காட்டினான்.
பதின்மூன்று நட்டு, நான்கு வாஷர்,
தலை தேய்ந்த ஒரு திருகாணி
எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு
தொங்கிக்கொண்டிருந்தது என் எண்பத்தெட்டு வெள்ளி.
நல்ல காந்தம் லா, என்றான்.
உண்மைதான். பிடி நல்ல பிடி.

அப்படியானால் மே மாதம்?

நின்ற இடத்தில் நோட்டைப் புரட்டினேன்.
மாதத்துக்கு மாதம் எண் பார்க்க ஆரம்பித்ததில்
சிவப்பு விளக்கைப் பார்த்தபிறகும்
அதை நோக்கிப் பாய்வதை விட்டிருந்தேன்.
தீவு விரைவுச்சாலையில்
முந்துகிறவனை முந்த விட்டிருந்தேன்.
தீபாவளியிலிருந்து பின்பெட்டியில் கிடந்த
இரண்டு அரிசி மூட்டை வீட்டுக்கு ஏறியிருந்தது.
காற்றுக்குறைந்த டயர்கூட
ஒரு ஞாயிறு தானாய் நினைவுக்கு வந்தது.
வரிசையில் நின்றது பெட்ரோல் அல்ல.
என் வலது கால்.

தெரிந்துபோனதும் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.
ஜூலைக் கடைசியில், ஒரு சந்தேகத்தில்,
ரசீதுகளை மட்டும் கூட்டிப் பார்த்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
தெரிந்து என்ன?
தெரிந்தது தலைக்கு. மிதிப்பது கால்.

தயாபரன் அழைத்தான்.
இப்போது மாத்திரையாம், பட்டாணி அளவு,
டாங்கிக்குள் போட்டால் கரையுமாம்.
நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
பிறகு கேட்டான்:
அக்கா, மிச்சமானது மிச்சம்தானே?

நோட்டு இரண்டு வெள்ளி, தயா.
அதைக் கொண்டுபோய் விற்றுப் பார்.

அதை யார் வாங்குவார், என்றான்.
நிஜமாகவே யோசித்தான் போல.

புது நோட்டு ஒன்று இருக்கைக்கு அடியில் இருக்கிறது.
புக்கிட் தீமா சாலையில்
தூரத்தில் சிவப்பு விழுகிறது,
காலை எடுக்கிறேன்,
பின்னால் ஒரு லாரி கத்துகிறது.
ஹைருலிடம் இன்னும் சொல்லவில்லை.
நேற்று அவன் எண்ணைக் காட்டினான்:
பதினான்கு புள்ளி ஒன்று.