நாற்பத்தெட்டில் ஏழு

ஒரு கால் போதும்.
முன்னங்காலோ நடுக்காலோ,
இமைமயிர் தடிமன்கூட இல்லாத ஒன்று.
மிச்ச உடம்பு சீட்டோடு பெட்டியில் உலரும்:
கெடிலம் தென்கரை, அஞ்சலாட்சி கொல்லை,
ஆறாம் மாதக் கரும்பு, ஆண்.

எல்லாமே ஆண்தான்.
ரப்பர் மூடியில் நாங்கள் தடவிய பொய்வாசத்துக்கு
இரவெல்லாம் வந்து
தண்ணீர்த்தட்டில் விழுந்தவை.
"மாப்பிள்ளை முப்பத்தாறு" என்பாள் மதலேன்.
நான் சிரிப்பதில்லை, எழுதிக்கொள்வேன்.

அஞ்சலாட்சியின் வழக்கு பழையது.
"வடகரையான் தோகை உரிக்கறதில்ல.
அவன் பூச்சி வந்து எங் கணுவத் துளைக்குது."
வடகரையில் தணிகாசலமும் இதையே சொன்னார்,
கையை மட்டும் தெற்கே நீட்டி.

சரி, பூச்சியையே கேட்போம் என்று
அதன் இழையில்
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இடங்களைத் தேடினோம்.
சிஏசிஏசிஏசிஏ
இதில் பதினான்கு முறை, அதில் பதினேழு.
எத்தனை முறை என்பதில் இருக்கிறது
யார் வீட்டுப் பிள்ளை என்பது.

சொல்வது எளிது.
அந்துப்பூச்சியோ
அந்த வீட்டின் இருபக்கச் சுவரையும்
நூறு தெருவில் அப்படியே எழுப்பிவைத்திருக்கிறது.
ஒரு கதவைத் தட்டினால் நூறு திறக்கும்,
அல்லது ஒன்றுமே திறக்காது.
வாங்கிய பிரைமர் நாற்பத்தெட்டு ஜோடி.
ஐப்பசி முழுக்க ஜெல்லில் தேய்த்துவிட்ட சாம்பல்.
கார்த்திகையில் புயல்.
மூன்று நாள் கரண்ட் இல்லை.
முதுநகர் மீன்துறையில் ஐஸ் வாங்கிவந்து
உறைபெட்டியைக் காப்பாற்றினோம்.
பொங்கல்வரை ஆய்வகத்தில் கிழங்கான் வாசம்.

ஏழு நின்றது.

திரையில்
ஒவ்வொரு நிஜச் சிகரத்துக்கும் முன்னால்
குட்டி குட்டியாய் நிழல்கள்.
நொதி வழுக்கிய இடம்.
கையேடு இதைத் திக்கல் என்கிறது.
பத்தாம் வகுப்புவரை ஆற்றின் பெயரை
நானும் கெ கெ கெ என்றுதான் கடந்தேன்.
நிழல்களைத் தள்ளி
சொல்ல வந்ததை எடுக்க
எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

ஆறு குறுக்கே நிற்கவில்லை.
வடகரையும் தென்கரையும் கலந்து கிடந்தன.
பிரிந்தது வேறு கோட்டில்:
பண்ருட்டிப் பக்கமிருந்து
ஒரே லாரியில் விதைக்கரணை இறக்கிய கொல்லைகள் ஒரு குடும்பம்,
இறக்காதவை இன்னொன்று.

போய்ச் சொன்னேன். அவள்
தோகை உரித்துக்கொண்டே கேட்டாள்.
அப்புறம் அக்கரையைப் பார்த்து,
"அந்த வருஷம் லாரி வாடக
நானும் தணிகாசலமும் பாதிப்பாதி போட்டோம்.
இருநூறு ரூபா
அவரு இன்னும் தரணும்."