ஒரு மீட்டர் எண்பது

பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன்.
பிறந்த குழந்தையைவிடக் கனம்.
மூடியில் ஒரு சூரியன் வெடித்துக்கொண்டிருந்தது,
அதன் கீழே விலை,
விலைக்கும் கீழே சின்ன எழுத்தில்:
ஆறு பேர், எட்டு மணி நேரம்.

கடைக்கார என்னோ கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.
விற்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.
"வீட்டில் யார் யார்?" என்றார்,
மருத்துவர் கேட்பதைப் போல.
நானும் ஒரு மீன்தொட்டியும்.
"தோற்றது தெரிந்த பிறகும்
இரண்டு மணி நேரம் எழாமல் உட்கார்வீர்களா?"
பதினோரு வருடமாக உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்றேன்,
துறைமுகப் பாரந்தூக்கியின் கண்ணாடிக் கூண்டில்,
நாற்பது மீட்டர் உயரத்தில்,
காற்று அடங்கட்டும் என்று.

பெட்டியை என் கையிலிருந்து வாங்கி
அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார்.
"முதலில் சனிக்கிழமை வாருங்கள்.
ஆழம் பார்க்க எங்கள் பெட்டி இருக்கிறது."

பிரேமர்ஹாஃபனில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
அன்றும் அப்படித்தான்.
ட்யார்க்கின் வீட்டில் விதிகளைச் சொல்லி முடிக்கவே
ஒரு மணி பத்து நிமிடம்.
தலையாட்டிக்கொண்டிருந்தேன்,
போகிற கப்பலிலிருந்து யாரோ கத்துவதற்குக்
கரையில் நின்று கையசைப்பவளைப் போல.

எனக்கு வாய்த்தது வணிகர் குலம்.
படை கொஞ்சம், வாய் அதிகம்.
அறுகோணம் அறுகோணமாக வானம் விரிந்தது.
கோள்களுக்கே இடம் போதவில்லை,
மத்தி மீன் வைத்த ரொட்டித் தட்டு
ஜன்னல் விளிம்புக்குக் குடிபெயர்ந்தது.

நான்காம் மணியில் சலித்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
ஒரு கப்பலை நகர்த்தலாமா வேண்டாமா என்று
ட்யார்க் இருபது நிமிடம் யோசித்தான்.
கூரைப் பலகைகளை எண்ணினேன்.
இருபத்தாறு.

பிறகு ஹௌகேவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்,
உன் எல்லையில் என் கப்பல் நிற்காது என்று.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் அவர்,
நம்பிப் பழகியவர்.
விதிப்புத்தகத்தில் வாக்குக்கென்றே ஒரு பத்தி:
அந்தக் கணமே கைமாறுவது கட்டுப்படுத்தும்,
மற்றதெல்லாம் பேச்சு.
அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன்.
மூன்றாம் முறை படிக்காமலே
அவருடைய எல்லைக்குள் போய் நின்றேன்.

காது மடல் சுட்டது.
பாரந்தூக்கியில் ஒருநாளும் யாருக்கும் பொய் சொன்னதில்லை,
அங்கே பொய் சொல்ல ஆளே இல்லை.
ஹௌகே தன் கப்பல்களை ஒவ்வொன்றாகப்
பெட்டிக் குழியில் அடுக்கினார்.
"பரவாயில்லை, ஃப்ராவ்கே.
வாரம் முழுக்க ஐம்பத்திரண்டு பிள்ளைகள்
என்னிடம் நல்லவராக நடிக்கச் சொல்கிறார்கள்."

ஏழாம் மணியில் வீப்கே என்னைத் துடைத்தெடுத்தாள்.
மிச்சம் ஒரு கோள், வறண்டது,
சபையில் ஒரே ஒரு ஓட்டு.
போகலாமா என்று கோட்டைப் பார்த்தபோதுதான்
அந்த ஓட்டுக்காக இருவர்
இரண்டு பக்கமும் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.
என்னிடம் கெஞ்சினார்கள்.
எனக்கு ரொட்டி எடுத்து வந்தார்கள்.

யார் ஜெயித்தார்கள் என்பது நினைவில்லை.
ஓட்டை யாருக்கு விற்றேன் என்பது இருக்கிறது.

திங்கள்கிழமை கூண்டிலிருந்து பார்த்தால்
கீழே சிவப்பும் நீலமுமாகக் கன்டெய்னர்கள்.
தூக்கினால் வரும், வைத்தால் இருக்கும்.
ஒன்றுகூட என்னிடம் பேரம் பேசவில்லை.

மாலையில் என்னோவிடம் தொலைபேசியில் கேட்டேன்,
மேசை எவ்வளவு நீளம் வேண்டும்?
"ஒரு மீட்டர் எண்பது. குறைந்தால் சிரமம்."
வாங்குகிறேன் என்று நான் சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.

என் மேசையை அளந்தேன்.
ஒரு மீட்டர் அறுபத்தைந்து.
இன்னொரு முறை அளந்தேன்,
நாடாவைக் கொஞ்சம் தளர்த்தி.
பிறகு அலமாரிக்குப் பின்னால் இருந்து
இஸ்திரிப் பலகையை இழுத்து வந்து
மேசையின் ஓரத்தில் ஒட்டி விரித்தேன்.

கொஞ்சம் ஆடுகிறது.
மூலையில் ஒரு சூரியன் மட்டும் வைக்கலாம்.