உதடு பார்க்கும் வேலை

வலயத்திலிருந்து சுற்றுநிருபம் வந்தது:
காலைக்கூட்டத்தில் எல்லா வாயும் அசைய வேண்டும்.
அதிபர் கூப்பிட்டுச் சொன்னார்,
"ரீச்சர், தரம் ஆறு உங்கட பொறுப்பு.
அசையாத வாயளை எழுதித் தாங்கோ."

கொட்டாஞ்சேனையில் ஏழரைக்கே வெயில் கடிக்கும்.
துறைமுகப் பக்கம் கொள்கலன் லொறிகள் ஹோர்ன் அடிக்க
ஒலிபெருக்கி ஒருமுறை இருமிவிட்டுத் தொடங்கும்.
தேவாரம். கர்த்தர் கற்பித்த செபம்.
சூரா ஓத ஸும்ரா, குதிகால் எழும்பி மைக்குக்கு எட்டி.
சிங்களம் படிப்பிக்கும் சந்தமாலி டீச்சரின் பன்சில்.
கடவுள்மார் வரிசையில் நின்று
ஆளுக்கு ஒன்றரை நிமிடம் பேசிவிட்டுப் போவார்கள்.
அதற்குப் பிறகு நாடு.
நாட்டுக்கு வலக்கை நீட்ட வேண்டும்.

டிலோஜனின் வாய் அசைந்தது.
அசைந்ததுதான்,
ஆனால் பிழையான இடங்களில்.
உறுதி என்று குவிய வேண்டிய உதடு
மகரத்துக்கு மூடிக்கொண்டது.

இடைவேளையில் பிடித்துக் கேட்டேன்.
மாலு பணிஸை விழுங்கிவிட்டுச் சொன்னான்:
"எங்கட சபையில சத்தியம் செய்யக்கூடாது ரீச்சர்.
அம்மா சொன்னவ, வாயை மூடிக்கொண்டு நில்லெண்டு.
அப்பா சொன்னவர், மூடினா பிரச்சினை வருமெண்டு."
"அப்ப என்னதான் சொல்லுறாய்?"
"பஸ் ஹோல்ட்."

அப்பா கண்டக்டர்.
மட்டக்குளி, அளுத்மாவத்தை, கொட்டாஞ்சேனை,
ஆமர் வீதி, மருதானை, நகர மண்டபம்...
"கையை இறக்கச் சொல்லுறதுக்குள்ள
தெஹிவளைக்குப் போயிடுவன்."

இந்த முற்றத்தில் எனக்குப் பத்தொன்பது வருடம்.
சின்னவளாய் இருந்தபோது சிங்களத்தில் சொன்னேன்,
உள்ளங்கையில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து.
பாதி நாடு வியர்வையில் அழிந்துபோகும்.
இப்போது தமிழில்.
எல்லாச் சொல்லும் விளங்குகிறது.
விளங்க விளங்க
காஸ் சிலிண்டர் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று
யோசித்துக்கொண்டு நிற்கிறேன்.
என் வாயை யாரும் எழுதியதில்லை.

'எல்லா வாயும் அசைகின்றது'
என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன் அதிபருக்கு.
ஒருமை பன்மை பிழை.
தகவல் சரி.

செவ்வாய்க்கிழமை கை நீட்டியபோது
வாய் தன்பாட்டில் மட்டக்குளியில் ஏறிவிட்டது.
ஆமர் வீதி வரை நெரிசல் இல்லை.
மருதானையில் கொஞ்சம் இடறல்.
நகர மண்டபத்துக்கு அடுத்தது என்ன?
நினைவில்லை.
முந்நூறு பிள்ளைகள் எனக்கு முன்னால்
தாய்நாட்டுக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்க
ஆவென்று நின்றேன்.

மூன்றாவது வரிசையில்
அவனுடைய உதடு.
பார்த்து
அடுத்த தரிப்பில் தொற்றிக்கொண்டேன்.