கூடுதல் தாள்

ஆய்வாளர் வரும் நாளில்
பக்கத்துப் பள்ளியிலிருந்து
மூன்று மைக்ரோஸ்கோப் இரவல் வரும்.
ஒழுகும் ஏசிக்குக் கீழே
வாளியை எடுத்துவிட்டுப் பூந்தொட்டி வைப்போம்.
கட்டணம் பாக்கி வைத்த பதினோரு பேரும்
அன்றைக்கு மட்டும் நூலகத்திலிருந்து
வகுப்புக்குத் திரும்புவார்கள்.

இந்தக் கோடையில் அஜ்மானுக்குப் புதுச் சட்டம்:
'பலவீனம்' என்று முத்திரை விழுந்த பள்ளிக்குப்
பணம் உண்டு.
குறைகளை எழுதிக் கேட்க வேண்டும்.

பெனாசிர் மேடம் பேனாவைத் திறந்தார்,
மூடினார்.
ஏழு வருடமாக மறைக்கத்தான் பழகியிருந்தோம்.

லேப் சகாயராஜ்
காலால் பூந்தொட்டியை நகர்த்தினான்.
தரையில் சொட்டியது.

நான் தட்டச்சு செய்தேன்:
ஒன்று, வாளி.
இரண்டில்
பதினோரு பெயர்களுக்கு இடமில்லை.
கூடுதல் தாள் இணைக்கலாமா என்று கேட்க
அமைச்சகத்துக்குப் போன் போட்டிருக்கிறேன்.
லைனில்
இசை ஓடிக்கொண்டிருக்கிறது.